வேதம் படிக்கப் போய்ப் பொய் சொன்ன கதை

எங்கள் தோட்டத்தில் வெளிநாடு என்றால் இரண்டே நாடுகள்தான். ஒன்று குவைத், இன்னொன்று சவூதி. இரண்டுக்கும் பெண்கள் வீட்டு வேலைக்குப் போவார்கள். ஆகவே இலங்கையில், ஹட்டன் பக்கத்து மலையில், முப்பத்தேழு வயதில், பாலர் பாடசாலை ஆசிரியையான நான் வேதாகமம் படிக்க வெளிநாடு போகிறேன் என்றதும் எங்கள் சிறிய சபை ஆடிப்போய்விட்டது. வழியனுப்புக் கூட்டத்தில் எனக்காக ஒன்றரை மணி நேரம் ஜெபித்தார்கள். கடல் கொந்தளிப்பு, பனிப்புயல், சிங்கம் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் போவது நீலகிரிக்கு என்பதை ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதிரி கவனிப்பு வாழ்க்கையில் எத்தனை முறை கிடைக்கும்?

இந்தியா சூடான நாடு என்பது தொலைக்காட்சி பார்த்து நான் அடைந்த அறிவு. ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெல்லிய பருத்திச் சேலைகளாகப் பார்த்து அடுக்கினேன். ஆசிரியர்களுக்குக் கொடுக்க நம் நாட்டின் சிறப்பாக எதையாவது கொண்டுபோக வேண்டாமா? இரண்டு கிலோ தேயிலைத் தூள் கட்டிக்கொண்டேன்.

அரவேணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வேதாகமப் பள்ளியில் முதல் நாள் காலை எழுந்து, நடுங்கிக்கொண்டே சன்னலைத் திறந்தேன். மூடுபனி. அது விலகியதும் தேயிலை. தேயிலைக்குப் பின்னால் மேலும் தேயிலை. அதற்குள்ளே இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணி கட்டிய பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். விமானம் என்னை ஏற்றிக்கொண்டு வானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டிலேயே இறக்கிவிட்டதோ என்று நினைத்தேன்.

தம்பி ஜோன்சன் வீடியோவில் வந்தான். "அக்கா, கெமராவத் திருப்பு. வெளிநாட்டக் காட்டு."

திருப்பினேன். அவன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான்.

"அக்கா, நம்ம மேல்கணக்கு மாதிரியே இருக்கே," என்றான். தோட்டத்தின் மேல் பிரிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"சிக்னல் சரியில்ல," என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த மண்ணில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அது சின்னது.

இரண்டாம் நாள் பசி தாங்காமல் கடைவீதிக்குப் போனேன். விடுதியில் காலைக்கு உப்புமா. எனக்கும் உப்புமாவுக்கும் பிறந்ததிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. மளிகைக் கடைக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி.

"பாண் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் இங்க விக்கறதில்லீங்க. போலீஸ் புடிச்சுருவாங்க."

பாண் தின்றால் போலீஸ் பிடிக்கும் நாட்டுக்கு வந்துவிட்டோமே என்று எனக்குத் திக்கென்றது.

"ஏனுங்க்கா, பாக்கறதுக்கு டீச்சரம்மாவாட்ட இருக்கறீங்க. பைபிள் காலேஜ்ல இருந்து வர்றீங்க. பான் மசாலா கேக்கறீங்களே?"

நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை விரலால் காட்டினேன்.

"அதுங்களா? அது பிரெட்டுங்க!" என்று சிரித்துவிட்டு, "அதெதுக்குங்க, வர்க்கி எடுத்துட்டுப் போங்க. டீயில நனைச்சுச் சாப்புடுங்க, ஊருக்கே திரும்பமாட்டீங்க," என்றார். மறுநாள் சவர்க்காரம் கேட்டபோதும் அவர் திகைத்தார். ஆனால் இந்த முறை தானாகவே எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி, சோப்பு வந்ததும் நான் தலையாட்டும்வரை பொறுமையாக இருந்தார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வர்க்கி விஷயத்தில் அவர் சொன்னது சரி. அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று, தேநீரில் தொட்டால் கரைந்து போகும். குறை ஒன்றே ஒன்று: தூள் உதிரும். எபிரேய எழுத்துகளுக்குக் கீழேயும் மேலேயும் புள்ளிகள் உண்டு. என் பாடக் கொப்பியில் எது புள்ளி, எது வர்க்கித் தூள் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. ஒரு தடவை பாதி வசனத்தை ஊதித் தள்ளிவிட்டேன்.

எபிரேயத்தை வலமிருந்து இடமாக எழுத வேண்டும். அதில் இரண்டு எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மேல் மூலை கூராக இருந்தால் ஒன்று, மழுங்கி வளைந்திருந்தால் மற்றொன்று. முதல் பரீட்சையில், கடவுள் ஒருவரே என்று சொல்லும் வசனத்தை எழுதச் சொன்னார்கள். நான் மூலையை வளைத்துவிட்டேன். எங்கள் ஆசிரியர் நாகர்கோவில்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "ராணியம்மா, கடவுள் வேறொருவர்னு எழுதியிருக்கீங்க. இதுக்காகத்தானா கடல் தாண்டி வந்தீங்க?"

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் அறைத்தோழி எஸ்தர். பிக்கட்டியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் படுகர் குடும்பத்துப் பெண். வயது இருபத்துநாலு. அம்மாவிடம் தொலைபேசியில் படுக மொழியில் மணிக்கணக்கில் பேசுவாள். எனக்கு அதில் புரிவது கேரட் மட்டும்தான். என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள், பரீட்சையில் என்னைவிட நாற்பது மதிப்பெண் பெரியவள்.

அவள் என் உயிரையும் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறாள். ஒரு காலை, சிற்றாலயத்துக்குப் போகும் தேயிலைப் பாதையில் யாருடைய எருமையோ குறுக்கே நின்றது. கொழுத்த எருமை. கால்களில் வெள்ளைக் காலுறை போட்டது போல இருந்தது. ஜெபத்துக்கு நேரமாயிற்று. நான் குடையை ஓங்கி, "போ, அங்கிட்டு போ!" என்று அதட்டிக்கொண்டே கிட்டப் போனேன்.

பின்னாலிருந்து எஸ்தர் கத்தினாள். "அக்கா! அது காட்டுமாடு! குத்துனா செத்துருவீங்க!"

விசுவாசம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒற்றைச் செருப்போடு விடுதிக்குள் வந்து விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது காட்டுமாடு தலையைக்கூட உயர்த்தவில்லை. மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கணக்கில் நான் ஒரு சம்பவமே இல்லை.

மூன்றாம் மாதம் எங்களுக்குப் பிரசங்கப் பயிற்சி தொடங்கியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டிரண்டு பேராக ஓர் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். எனக்கும் எஸ்தருக்கும் சேரம்பாடி விழுந்தது. மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. சனிக்கிழமை விடியலில் கிளம்பி, ஊட்டியில் மாறி, கூடலூரில் மாறி, குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டே போனேன். கூடலூர் தாண்டியதும் பேருந்துக்குள் தமிழ் மெல்ல மலையாளமாக மாறியது. பிறகு பேருந்து நின்றது.

"ஆனை நிக்குது. ஒருத்தரும் போட்டோ எடுக்க எறங்காதீங்க," என்றார் நடத்துநர்.

வளைவில் யானையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெண், "பேடிக்கண்டா சேச்சி, அது தன்னால போய்க்கும்," என்றாள். பயப்படாதே என்று அர்த்தமாம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். நான் அந்த நேரத்தைப் பயன்படுத்தி என் பிரசங்கத்தை மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். நான்கு முறையும் எனக்கே கண் கலங்கியது. பிரசங்கம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அங்கே ஆலயம் என்று எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டின் முன்னறை. ஞாயிறு காலை பதினோரு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரைப் பின்தொடர்ந்து, தன் நாட்டை விட்டு அயல்தேசம் போன வேதாகமத்து மருமகளின் கதையை எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து மூன்று நிமிடத்தில் என் கதைக்குத் தாவிவிட்டேன். பிறந்த மண்ணைப் பிரிந்த வேதனை. அந்நிய பூமியில் தன்னந்தனியாக நிற்கும் துயரம். குரலை இறக்கினேன், நிறுத்தினேன், கைக்குட்டையை எடுத்தேன்.

கதவருகே நின்றிருந்த ஒரு பெண்மணி கேட்டார். "புள்ள, நீ எப்பத் திரும்பிப் போவ?"

பிரசங்கத்துக்கு நடுவில் கேள்வி கேட்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. "அடுத்த ஏப்ரல்ல," என்றேன்.

"போயிரலாம்ல? அப்ப எதுக்கு அழுவுற?"

அறை முழுக்கச் சிரிப்பு. எஸ்தர் வேதாகமத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். இவர்களுக்குத்தான் நான் பிரிவுத் துயரம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். பெயர் பார்வதி. அறுபதைத் தாண்டிய வயது. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. "நாங்க முருகனக் கும்புடுறவங்க. ஜெபத்துக்கு வரல. சிலோன்ல இருந்து ஆள் வந்திருக்குன்னாங்க, அதான் பாக்க வந்தேன். வா, நம்ம காம்பராவுக்குப் போவோம். தேத்தண்ணி குடிப்போம்."

காம்பரா. தேத்தண்ணி. லயத்து வீட்டுக்கும் தேநீருக்கும் எங்கள் மலையில் சொல்லும், மூன்று மாதத்தில் யாரும் என்னிடம் சொல்லாத இரண்டு சொற்கள். அவர் என்னை எரியும் அடுப்புக்குள் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

என் ஊரைக் கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த குவளை நின்றது. அவர் பிறந்த தோட்டம் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த மலை. பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு வந்தாராம். கல்யாணமாகியிருந்த அக்காவுக்கு வேறு குடியுரிமைக் கடதாசி, வேறு முடிவு. அக்கா அங்கேயே நின்றுவிட்டார். முதலில் கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோயிற்று.

"செல்லம்மான்னு பேரு. நீ பாத்திருப்பியா?"

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது எளிது. தெரியாது, விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு செல்லம்மாவைத் தெரியும். குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து லயம். எந்தத் தோட்டத்தில்தான் ஒரு செல்லம்மா இல்லை? வயது பொருந்துமா என்று நான் யோசிக்கவே இல்லை. காலையில் சிரிப்பாகிப் போன பிரசங்கி நான். நல்ல செய்தி சொல்ல இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதை எப்படி விடுவது?

"தெரியுமே! நல்லா இருக்காங்க," என்றேன்.

"உசுரோட இருக்காளா?"

"போன கிறிஸ்மஸுக்குக்கூடப் பாத்தேன்."

"என்னையப் பத்தி எதும் சொல்லுவாளா?"

"அடிக்கடி சொல்லுவாங்க," என்றேன். அதற்கு எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

பார்வதி அழவில்லை. எழுந்து வெளியே போய், லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லாக் கதவுகளிலும் நின்று சொல்லிவிட்டு வந்தார். நான் பேருந்தில் ஏறும்போது லயமே கையாட்டியது. ஓர் ஊழியக்காரியாக நான் பிறந்துவிட்டேன் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "உங்களுக்கு நெசமாலுமே அவங்களத் தெரியுமா?"

"ஏன் கேக்குற?"

"இல்ல, எபிரேயப் பரீட்ச எழுதறப்பவும் உங்க மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

ஜோன்சனை விசாரிக்கச் சொன்னேன். இரண்டாம் நாள் அழைத்தான். "அக்கா, அந்தச் செல்லம்மாவுக்கு அம்பதுதான் வயசு. தங்கச்சியே இல்லையாம். என்னைய வெசரன், பைத்தியக்காரன்னு நெனச்சு வெரட்டிட்டாங்க."

"அப்ப மத்த செல்லம்மா?"

பழைய ஆட்கள் சிலரிடம் கேட்டிருக்கிறான். இனக்கலவரம் நடந்த காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா பக்கம் போய்விட்டன. அதில் ஒரு செல்லம்மாவும் இருந்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் போர். யார் எங்கே போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒருத்தி வேறொருத்தியாகிவிட்டாள். மூலை மழுங்கிய எழுத்தையாவது அழித்து எழுதலாம்.

அந்தப் பதினைந்து நாளும் நான் சாப்பிட்ட வர்க்கிக்கு ருசி இல்லை. காய்ச்சல் என்று சொல்லி அந்த முறை போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். தலையணைக்கடியில் வெப்பமானி வைத்துக்கூடப் பார்த்தேன். எஸ்தர் கதவருகே இரண்டு பைகளோடு நின்றாள். "ஏந்திரிங்க்கா. யானை நம்மளுக்காகக் காத்துட்டிருக்கும்," என்றாள்.

அன்று பார்த்து யானை இல்லை. பேருந்து பறந்தது. மன்னிப்புக் கேட்க ஐந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றில் தப்பு முழுக்க ஜோன்சனுடையது.

பார்வதியின் வாசலில் கோலம். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தார். உள்ளே பாயில் பக்கத்து வீட்டுப் பெண்கள். நடுவில் ஒரு நீலச் சேலை, மடித்துப் பையில் போடத் தயாராக இருந்தது. "அக்காவுக்கு. நீலம்னா உசுரு அவளுக்கு. ஏப்ரல்ல நீ போறப்பக் கொண்டுபோய்க் குடு," என்றார்.

ஐந்து விதமும் மறந்துபோயின. நின்றபடியே சொன்னேன். "நான் பொய் சொல்லிட்டேன். நான் பாத்தது வேற செல்லம்மா. உங்க அக்கா வவுனியா பக்கம் போயிருக்காங்க. இப்ப இருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களப் பத்திச் சொல்லுவாங்கன்னதும் பொய்."

பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பார்வதி குசினிக்குள் போனார். பாத்திரங்கள் உருண்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்ட தட்டை எனக்கு முன்னால் வைத்தார்.

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு. உனக்குன்னு ஆக்கினது. மொதல்ல தின்னு. அப்புறம் இருக்கு."

தின்றேன். பிறகு இருந்தது. அரை மணி நேரம் திட்டினார். கங்காணிமார் காலத்துச் சொற்களெல்லாம் வந்தன. சிலவற்றை நான் முதன்முறையாகக் கேட்டேன். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னாயே என்றார். ஒருவனும் சொல்லாமலே இத்தனை வருடம் அவள் இருப்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், நீ வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாயே என்றார். எந்த வகுப்பிலும் நான் அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்ததில்லை.

மூச்சு வாங்க நிறுத்தியபோது, குரல் மாறியது. "வவுனியான்னியே. அங்க உனக்கு யாரு இருக்கா?"

"எங்க சபைக்காரங்க கொஞ்சப் பேர்."

"அப்ப தேடு," என்றார். "பொய் சொல்ல வாய் இருந்துச்சுல்ல. தேடவும் இருக்கும்."

தேடினேன். உண்மையில் தேடியது ஜோன்சன்தான், நான் அரவேணுவில் உட்கார்ந்துகொண்டு அவனை விரட்டினேன். ஒரு போதகர் இன்னொரு போதகரிடம் சொல்ல, அவர் ஒரு பாடசாலை அதிபரிடம் சொல்ல, நான்கு மாதம் போயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்வதி வீட்டு வாசலில் நின்று, "இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். அந்த நான்கு மாதமும் என் பிரசங்கங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. ஆசிரியர் அதைப் பாராட்டினார். காரணத்தை நான் சொல்லவில்லை.

கிடைத்தது பாதிச் செய்தி. செல்லம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இறந்துவிட்டார். ஒரு மகள் இருக்கிறார். பெயர் பார்வதி. தங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்.

இந்த முறை எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். பார்வதி கேட்டுக்கொண்டார். "என் பேரா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

லயத்தில் சிக்னல் கிடையாது. ஃபாக்டரிக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டிவரை ஏறினோம். எஸ்தர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பின்னால் தகரக் கூரை, வெயில்.

"சின்னம்மா," என்றாள் அவள்.

இரண்டு பார்வதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"சாப்ட்டியா?" என்றார் இவர்.

"சாப்பிட்டேன் சின்னம்மா. நீங்க?"

"சாப்ட்டேன். அங்க மழையா?"

"இல்ல. சரியான வெயில். அம்மா எப்பவும் சொல்லுவா, என்ர தங்கச்சி குளிர் தாங்கமாட்டாள், எந்த ஊரில என்ன பாடுபடுறாளோன்னு..."

அவ்வளவுதான் கேட்டது. திரை உறைந்து, பிறகு கறுத்தது. எஸ்தர் கைப்பேசியை உயர்த்திப் பார்த்தாள், தொட்டியின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். பார்வதி அவள் கையிலிருந்து அதை வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார். இங்கேயும் குளிர்தான், பழகிவிட்டது என்றார். அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார் என்றார். மகனுக்குத் திருப்பூரில் வேலை என்றார்.

இனிப் பொய்க்குத் துணை போகக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "லைன் போயிருச்சு. அவங்களுக்குக் கேக்காது."

"தெரியும் புள்ள," என்றார் பார்வதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அக்காகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். நீ கொஞ்சம் அங்கிட்டு போ."

போனேன்.